தீயில் ஒரு கட்டடம் எவ்வளவு நேரம் நிற்கும்?

பெங்களூர் அல்சூரில் சோமேசுவரர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மூன்று தள வீடு. கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் குடங்களும் வாளிகளும் அடுக்கிய கிடங்கு. மேலே இரண்டு குடும்பங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கிடங்கில் தீப்பிடித்தது. மேலே இருந்தவர்கள் உடனே படியிறங்கி வந்துவிட்டார்கள். தீயை முழுதும் அணைக்க ஒன்றேகால் மணிநேரம் ஆயிற்று. மறுநாள் காலை வீட்டுக்கார அண்ணாச்சி என்னை அழைத்துக் காட்டினார். சுவரெல்லாம் கரி. மேல்தளத்தின் அடிப்பக்கத்தில் பூச்சு பெயர்ந்து, இரண்டு இடங்களில் கம்பி தெரிந்தது.

"கான்கிரீட்தானே தம்பி, அது எரியவா போகிறது? கரியைச் சுரண்டிவிட்டு வெள்ளை அடித்தால் போதாதா?" என்று கேட்டார்.

கட்டமைப்புப் பொறியாளராகப் பெங்களூரில் வேலை பார்க்கும் இத்தனை ஆண்டுகளில் இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். கான்கிரீட் எரியாது என்பது உண்மை. இரும்பும் எரியாது. ஆனால் எரியாமல் இருப்பது ஒரு குணம், எரிகிற அறைக்குள் பாரத்தைச் சுமந்துகொண்டு நிற்பது வேறொரு குணம். சூடு ஏற ஏறக் கான்கிரீட்டும் இரும்பும் பலம் இழக்கும். பெரும்பாலான கட்டுமானப் பொருள்களின் கதியும் இதுதான். அதனால்தான் எங்கள் துறையில் ஒரு தூணைப் பார்த்து, இது தீயைத் தாங்குமா என்று கேட்பதில்லை. எத்தனை மணிநேரம் தாங்கும் என்று கேட்கிறோம். ஒரு மணிநேரச் சுவர், இரண்டு மணிநேரத் தூண் என்றுதான் பேச்சு. உள்ளே இருப்பவர்கள் இறங்கவும், தீயணைப்பு வீரர்கள் ஏறித் தேடிவிட்டு உயிரோடு திரும்பவும் தேவையான நேரம் அது.

இந்த மணிக்கணக்கு எங்கிருந்து வருகிறது? ஒரு சுவரையோ தளத்தையோ செய்து, அதன்மேல் பாரம் ஏற்றி, பெரிய உலையில் வைத்துச் சுடுகிறார்கள். உலையின் சூடு எப்படி ஏறவேண்டும் என்பதற்கு உலகின் பல நாடுகள் ஒப்புக்கொண்ட ஒரு வரைகோடு இருக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் ஏறத்தாழ 575 டிகிரி செல்சியஸ், அரை மணியில் 840, ஒரு மணியில் 945, இரண்டு மணியில் 1,050. முதல் ஐந்து நிமிடத்திலேயே பாதிக்குமேல் ஏறிவிடுவதைக் கவனியுங்கள். உண்மையான அறையிலும் ஒருமுறை முற்றிவிட்டால் தீ இப்படித்தான் பாயும். மூலையில் ஒரு மெத்தையோ திரைச்சீலையோ எரிந்துகொண்டிருக்கும். சூடான புகை கூரைக்கு அடியில் திரண்டு, அங்கிருந்து கீழே அனலை வீசும். அந்தப் புகைப்படலம் 500, 600 டிகிரியைத் தொட்டதும் அறையிலுள்ள எல்லாப் பொருள்களும் ஏறக்குறைய ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். அதற்குப்பின் அந்த அறையில் மனிதர் எவரும் பிழைத்திருக்க முடியாது. கட்டடத்தின் சோதனை அந்த நொடியில்தான் தொடங்குகிறது.

ஆனால் வரைகோடு வெறும் அளவுகோல். நிஜத்தில் எவ்வளவு நேரம் எரியும் என்பதை உள்ளே கிடக்கும் பொருள்களும் காற்று வரும் வழியுமே தீர்மானிக்கின்றன. ஒரு கிலோ விறகு தரும் வெப்பத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாக ஒரு கிலோ பிளாஸ்டிக் தரும். வீடாக நினைத்துக் கட்டிய கீழ்த்தளத்தை அண்ணாச்சி பிளாஸ்டிக் கிடங்காக மாற்றியபோது, சுவரில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமலே வீட்டின் பாதுகாப்புக் கணக்கை மாற்றிவிட்டார். கட்டட அனுமதியில் எழுதிய பயன்பாடு ஒன்று, நடப்பது வேறொன்று என்ற நிலை பெங்களூரின் நெருக்கமான தெருக்களில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று எண்ணும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சென்னையில் நடந்த இரண்டு தீவிபத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உள்ளே கிடக்கும் பொருளால் வரும் வேறுபாடு விளங்கும். அண்ணா சாலையில் உள்ள எல்.ஐ.சி. அலுவலகக் கட்டடம் 1975இல் தீப்பற்றி எரிந்தது. கட்டடம் இன்றும் நிற்கிறது. 2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று அதிகாலையில் பற்றிக்கொண்டது. மாடி மாடியாகத் துணி. பகல் முழுவதும் தண்ணீர் அடித்தும் அடங்கவில்லை. மறுநாள் அதிகாலை அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. எந்தத் தூணும் அத்தனை மணிநேர அனலுக்காக வடிவமைக்கப்படுவதில்லை.

இனி ஒவ்வொரு பொருளாகப் பார்ப்போம். முதலில் இரும்பு.

இரும்பு உருகினால்தான் கட்டடம் விழும் என்று நினைப்பவர்கள் உண்டு. எஃகு உருக 1,500 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். சாதாரணத் தீயில் அது நடப்பதில்லை. நடக்கவும் வேண்டாம். கொல்லர் பட்டறையில் இரும்பை உருக்கியா அரிவாள் அடிக்கிறார்கள்? சிவக்கக் காய்ச்சினால் போதும், சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கிறது. கட்டடத்து இரும்புக்கும் அதே கதிதான். 400 டிகிரி வரை தன் பலத்தைப் பெரும்பாலும் வைத்திருக்கும். 600இல் பாதியளவே மிஞ்சும். 700இல் கால் பங்கு. 800இல் பத்தில் ஒரு பங்கு. சுத்தியலின் இடத்தில் மேல்மாடியின் எடை இருக்கிறது.

பலம் குறைவதற்கு முன்பே வேறொரு தொல்லை வரும். சூடான இரும்பு நீளும். பத்து மீட்டர் நீள உத்திரம் 500 டிகிரிக்குப் போனால் ஆறு, ஏழு சென்டிமீட்டர் நீளும். இரண்டு பக்கமும் சுவருக்குள் இறுகிக் கிடந்தால் ஒன்று சுவரை வெளியே தள்ளும், அல்லது தானே நெளியும். பெங்களூரின் பீணியா பகுதித் தொழிற்கூடங்களில் மேலே பாருங்கள்: மெல்லிய இரும்புக் கோணங்களைச் சேர்த்துக் கட்டிய கூரைச் சட்டங்கள், மேலே தகரம். மெல்லிய இரும்பு வேகமாகச் சூடேறும். தடித்த உத்திரம் தாமதமாக ஏறும். காப்பு எதுவும் இல்லாத மெல்லிய சட்டம் கால் மணிநேரத்துக்குள்ளேயே தொய்யத் தொடங்கிவிடலாம். தீயணைப்பு வீரர்கள் அப்படிப்பட்ட கூரைக்கு அடியில் போகத் தயங்கினால் அதற்குக் காரணம் இதுதான்.

அதனால் பெரிய கட்டடங்களில் இரும்பைப் போர்த்தி வைக்கிறார்கள். கான்கிரீட்டில் புதைக்கலாம், ஜிப்சம் பலகையால் மூடலாம். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர். அந்த நீர் ஆவியாகித் தீரும்வரை உள்ளே சூடு அதிகம் ஏறாது. எனக்கு மிகப் பிடித்தது ஒரு பெயிண்ட் வகை. பார்த்தால் சாதாரணப் பூச்சு, தடிமன் ஓரிரு மில்லிமீட்டர்தான். அனல் பட்டதும் எண்ணெயில் போட்ட அப்பளம் போல உப்பிப் பலமடங்கு பருத்து, காற்றறைகள் நிறைந்த கரிப்போர்வையாக மாறி இரும்பை மூடிக்கொள்ளும். விலை அதிகம்தான். ஆனால் இதைச் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டு, முகப்புக் கண்ணாடிக்கு அதைவிடப் பலமடங்கு கொட்டுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை.

அடுத்தது கான்கிரீட். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் வாழ்வது இதற்குள்தான்.

கருங்கல்லை நெருப்பால் பெயர்க்கும் வேலை பெங்களூரைச் சுற்றியிருந்த கல்குவாரிகளில் பழங்காலத்திலிருந்து நடந்தது. பாறையின் மேல் விறகைப் பரப்பி எரிப்பார்கள். மேல்பரப்பு சூடாகி விரியும். அடியிலுள்ள பாறை குளிர்ந்தே இருக்கும். விரியத் துடிக்கும் மேல்தோல் அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு, பலகையாகக் கழன்று வரும். தட்டிப் பார்த்து, ஓசையை வைத்தே எவ்வளவு தூரம் கழன்றிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இந்த ஊரின் பழைய வீடுகளில் கூரையாகக் கிடக்கும் நீளமான கற்பலகைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த வேலை நினைவுக்கு வரும்.

கான்கிரீட் தளத்தின் அடியில் தீ எரியும்போது நடப்பதும் இதே கதைதான். கான்கிரீட் வெப்பத்தை மிக மெதுவாகவே உள்ளே விடும். அது நல்ல செய்தி. ஒரு மணிநேரம் எரிந்தபின் அடிப்பரப்பு 800 டிகிரியைத் தாண்டியிருந்தாலும், நான்கு சென்டிமீட்டர் உள்ளே அதில் பாதிகூட இருக்காது. ஆனால் வெளித்தோல் சூடாகவும் உள்பகுதி குளிர்ந்தும் இருப்பதால், பாறையைப்போலவே தோல் உரியப் பார்க்கும். கூடவே இன்னொன்றும் சேர்கிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அது நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடினால், துண்டு துண்டாகத் தெறிக்கும். சில சமயம் வெடிச்சத்தத்தோடு. கெட்டியாக, துளை குறைவாகச் செய்த உயர்பலக் கான்கிரீட்டில்தான் இந்தத் தெறிப்பு அதிகம். அதனால் சுரங்கப்பாதைகள் போன்ற இடங்களில் மெல்லிய பாலிப்ரோப்பிலீன் இழைகளைக் கலக்கிறார்கள். 160 டிகிரிவாக்கில் இழை உருகும். அது விட்டுப்போன சந்து வழியே ஆவி வெளியேறிவிடும். எளிமையான யோசனை, நன்றாகவும் வேலை செய்கிறது.

கான்கிரீட் தெறித்து விழுவதால் என்ன கேடு? உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரிந்துவிடும். தளத்திலும் உத்திரத்திலும் அடிப்பக்கம் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அந்தக் கம்பிக்கும் தீக்கும் நடுவே இருப்பது கான்கிரீட்டின் ஒரு மெல்லிய தோல். கட்டுமான இடத்தில் இதைக் 'கவரிங்' என்பார்கள். கட்டடம் தீயில் எத்தனை மணிநேரம் நிற்கும் என்பதை இந்தத் தோல் எத்தனை மில்லிமீட்டர் என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை 456 இதற்கு அட்டவணையே தருகிறது. இரண்டு மணிநேரம் தாங்கவேண்டிய தளம் 125 மில்லிமீட்டர் கனமாவது இருக்கவேண்டும்; இரு முனைகளில் மட்டும் தாங்கிய தளமானால் கவரிங் 35 மில்லிமீட்டர், பல உத்திரங்கள்மேல் தொடர்ச்சியாகப் போகும் தளமானால் 25. நான்கு பக்கமும் தீ படக்கூடிய தூண் இரண்டு மணிநேரம் நிற்க, அதன் குறுகிய பக்கம் 300 மில்லிமீட்டர் இருக்கவேண்டும், கவரிங் 40. ஒரு மணிநேரத்துக்கு 200 போதும். இப்போது நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். தூண் சுவரைவிட்டு வெளியே துருத்தினால் அலமாரி வைக்க இடைஞ்சல் என்று, சுவரின் கனத்துக்குள் அடங்கும் ஒன்பது அங்குலத் தூணையே எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்பது அங்குலம் என்றால் 230 மில்லிமீட்டர். அட்டவணைப்படி அது ஒரு மணிநேரத்தைத் தாண்டும், ஒன்றரை மணியை எட்டாது. தனி வீட்டுக்கு அது போதலாம். அதே தூணின்மேல் நான்காவது, ஐந்தாவது தளம் எழுப்பிக் கீழே கிடங்கும் வைத்தால் போதாது.

தாளில் 40 என்று எழுதுவது சுலபம். தளம் போடுகிற அன்று சென்ட்ரிங் பலகைமேல் கம்பியைக் கட்டி வைத்திருப்பார்கள். கம்பி பலகையில் படாமல் தூக்கி நிறுத்த, சிமென்ட் கலவையில் வார்த்த சிறு கட்டைகளைக் கீழே வைக்கவேண்டும். பல இடங்களில் அதற்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லியைச் சொருகிவிடுவார்கள். கான்கிரீட் கொட்டும்போது கம்பிமேல் ஆள்கள் நடப்பார்கள், ஜல்லி நழுவும், கம்பி பலகையில் போய் உட்காரும். பலகையைப் பிரித்ததும் அடியில் கம்பி கோடு கோடாகத் தெரியும். உடனே பூசி மறைத்துவிடுவார்கள். பூச்சு தீயில் முதல் சில நிமிடங்களிலேயே விழுந்துவிடும். மேஸ்திரிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கட்டைகளை முன்கூட்டியே வார்த்து, நீர் ஊற்றி ஆறப்போட ஒரு வாரம் வேண்டும்; அந்த ஒரு வாரத்தை அவர்களுக்கு யாரும் தருவதில்லை.

மரத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். மரம் எரியும், ஆனால் கனமான உத்திரம் ஒழுங்காக எரியும். வெளியே கரிந்த பகுதியே உள்ளே உள்ள மரத்துக்குக் காப்பாகிறது. கரி நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் அளவில் உள்ளே போகும். அரை மணிநேரத்தில் பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர். மிச்சமுள்ள மரம் தன் பலத்தோடு இருக்கும். ஆனால் பழைய கட்டடங்களில் உத்திரத்தின் முனை செல்லரித்திருக்கும், ஆணிகள் துருப்பிடித்திருக்கும். மும்பை கல்பாதேவியில் 2015 மே மாதம் மரச்சட்டகத்தில் நின்ற ஒரு பழைய கட்டடம் தீயின் நடுவே இடிந்து, உள்ளே சென்ற தீயணைப்பு அதிகாரிகளின் உயிரைப் பறித்தது. பிறரை மீட்கப் போனவர்கள் அவர்கள். ஒரு கட்டடம் விழக்கூடாத நேரத்தில் விழுந்தால் யார் சாகிறார்கள் என்பதை அந்த நாள் நினைக்கும்போதெல்லாம் வலிக்கச் சொல்கிறது.

தனித்தனிப் பொருளின் பலத்தோடு கதை முடிந்துவிடாது. ஒழுங்காகப் பிணைத்த கட்டடம் ஒரு குடும்பம் போல நடந்துகொள்ளும். ஒருவர் தளர்ந்தால் பாரத்தை அடுத்தவர் வாங்கிக்கொள்வார். இங்கிலாந்தில் கார்டிங்டன் என்ற இடத்தில் 1990களில் எட்டு மாடி எஃகுக் கட்டடம் ஒன்றை ஆய்வுக்காகவே எழுப்பி, உள்ளே தீ வைத்துப் பார்த்தார்கள். காப்பில்லாத உத்திரங்கள் மிக அதிகச் சூட்டுக்குப் போயும் தளம் விழவில்லை. தளம் தொய்ந்து, உள்ளே இருந்த கம்பிவலை இழுபட்டு, ஒரு தூளி போலப் பாரத்தைத் தாங்கியது. சேலையில் கட்டிய தூளிக்குக் கீழே முட்டு இல்லை, இழுவையே குழந்தையைத் தாங்குகிறது, அதே தத்துவம்தான். ஆனால் தூளிக்கு முடிச்சு கெட்டியாக இருக்கவேண்டும். தளத்துக் கம்பி உத்திரத்துக்குள் போதிய நீளம் போய்ப் பிணைந்திருந்தால்தான் இது நடக்கும்.

இவ்வளவும் கட்டடம் நிற்பதைப் பற்றி. கட்டடம் நின்றும் மனிதர்கள் மடிந்த இடம் அல்சூரிலிருந்து வெகு தூரமில்லை. பழைய விமான நிலையச் சாலையில் உள்ள கார்ல்டன் டவர்ஸ், ஏழு மாடி அலுவலகக் கட்டடம். 2010 பிப்ரவரி 23 அன்று மின்கம்பிகள் மாடிக்கு மாடி மேலேறிச் செல்லும் செங்குத்தான குழியில் தீ மூண்டது. அந்தக் குழிவழியாகப் புகை மேல்மாடிகளுக்கு ஏறியது. மூச்சுத்திணறிக் கண்ணாடியை உடைத்தார்கள், சிலர் குதித்தார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். ஒரு தூண்கூடச் சாயவில்லை. கட்டடம் நிற்கவேண்டும் என்ற எங்கள் துறையின் கணக்கு அங்கே சரியாகவே இருந்தது. ஆனாலும் ஒன்பது பேர் வீடு திரும்பவில்லை. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் நான் அண்ணாந்து பார்ப்பேன்.

தளமும் சுவரும் பாரம் சுமப்பதோடு இன்னொரு வேலையும் செய்யவேண்டும்: தீயையும் புகையையும் ஓர் அறைக்குள், ஒரு மாடிக்குள் அடைத்து வைக்கவேண்டும். இரண்டு மணிநேரம் தாங்கும் தளத்தில் மின்கம்பிக்காக ஓர் ஓட்டை போட்டு, அதை மூடாமல் விட்டால் புகைக்கு அந்தத் தளம் இருந்தும் இல்லாததே. கம்பியைச் சுற்றி அனலில் உப்பும் பசையையோ கலவையையோ இட்டு ஒவ்வொரு மாடியிலும் அடைக்கவேண்டும். புதிதாக இணையக் கம்பி இழுக்க வருகிறவர் அதைக் குடைந்துவிட்டுப் போவார். மறுபடி அடைப்பது யார் வேலை என்று எவருக்கும் தெரியாது. கண்ணாடி முகப்பு வைத்த கட்டடங்களில் தளத்தின் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும், அதையும் அடைக்கவேண்டும்.

படிக்கட்டுதான் இதில் மிக முக்கியம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, அதன் நான்காம் பகுதியில், தப்பிக்கும் வழியிலுள்ள தீத்தடுப்புக் கதவுகள் 120 நிமிடம் தாங்கவேண்டும் என்கிறது. அந்தக் கனமான கதவு தானாக மூடிக்கொள்ளும்படி வில் வைத்திருப்பார்கள். நான் போகும் அலுவலகங்களில் பாதியில், தேநீர் கொண்டுவருகிறவருக்கு வசதியாக அந்தக் கதவுக்குக் கீழே ஒரு செங்கல் இருக்கும். நான் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வருவேன். நீங்களும் எடுத்துவிடுங்கள், யாரையும் கேட்கவேண்டியதில்லை.

இனி அண்ணாச்சியின் வீடு. முதலில் இரண்டு குடும்பங்களையும் உறவினர் வீட்டில் தங்கச் சொன்னேன், கிடங்கின் மேல்தளத்துக்கு அடியில் இரும்பு முட்டுகள் கொடுக்கச் செய்தேன். அணைந்த தீ ஆபத்து முடிந்ததற்கு அடையாளமல்ல. சூட்டில் சிதைந்த சுண்ணாம்புக் கூறுகள் ஆறியபின் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். அதனால் கான்கிரீட்டின் பலம் தீயின்போது இருந்ததைவிடப் பின்னால் இன்னும் குறையலாம். கம்பியின் நிலை வேறு: மிக அதிகச் சூட்டுக்குப் போகாதிருந்தால் ஆறியதும் பெரும்பகுதி பலம் திரும்பிவிடும். ஆனால் நாம் இப்போது போடும் டிஎம்டி கம்பி, உருட்டிய சூட்டோடே நீரில் குளிரவைத்துப் பலமேற்றியது; 500, 600 டிகிரியைத் தாண்டினால் அப்படி ஏற்றிய பலம் முழுதும் திரும்பி வராது.

கரியைத் துலக்கிவிட்டுச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனோம். நல்ல இடம் கணீரென்றது, கழன்ற இடம் பொத்தென்றது. 300 டிகிரியைத் தாண்டிய கான்கிரீட் சில ஜல்லிவகைகளில் இளஞ்சிவப்பாக மாறும்; இங்கே கருங்கல் ஜல்லி என்பதால் நிறம் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் துளையிட்டு உருளைத்துண்டுகள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம், ஒரு கம்பித்துண்டையும் வெட்டி அனுப்பினோம். தூண்கள் தப்பின. வாசலுக்கு நேரே இருந்த உத்திரமும் அதை ஒட்டிய தளமும் தேறவில்லை. அங்கே கவரிங் பன்னிரண்டு மில்லிமீட்டர்தான் இருந்தது.

உத்திரத்தைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போர்த்தும் வேலையைச் செங்கத்திலிருந்து வந்த ஒரு மேஸ்திரி ஏற்றுக்கொண்டார். தளத்தின் பெயர்ந்த பகுதியை உடைத்து மறுபடி வார்த்தார்கள். மேஸ்திரி முதல் நாளே சிமென்ட் கலவையில் கட்டைகளை வார்த்து, ஈரச்சாக்கால் மூடி வைத்தார். ஏழாம் நாள் நான் போனபோது ஒவ்வொன்றையும் அளவுகோலால் அளந்து காட்டினார். அண்ணாச்சி குடங்களை வேறொரு கிடங்குக்கு மாற்றிவிட்டார். மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளையும் அன்றைக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.